ஏழரை மணி வகுப்பு

ஒரு பள்ளி நல்ல பள்ளிதானா என்று பெற்றோர் நாம் எதை வைத்து முடிவு செய்கிறோம்? பாடம் நடத்துவதை நாம் பார்த்ததில்லை. வகுப்பறைப் பக்கம் நம்மை விடுவதுமில்லை. காலையில் கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஐந்து நிமிடம்தான் கண்ணுக்குக் கிடைக்கிறது. அதற்குத்தான் மார்க் போடுகிறோம். இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருக்கிறார்களா, பி.டி. சார் நகம் பார்க்கிறாரா, தாமதமாக வந்தவர்களைத் தனி வரிசையில் நிற்க வைக்கிறார்களா. இதெல்லாம் இருந்தால் "ஸ்கூல் நல்ல ஸ்ட்ரிக்டு" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

பள்ளிகளுக்கும் இது தெரியும். பிரேயருக்கு முன்னால் மொத்தப் பள்ளியும் தோப்புக்கரணம் போடுகிற இடம் இருக்கிறது. அதற்கு மூளை யோகா என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிப் பத்து நிமிடம் தியானம் உண்டு. வந்து உட்கார்ந்ததும் பையைக்கூடத் திறக்கவிடாமல் ஸ்லிப் டெஸ்ட் வைப்பதுண்டு. இவை விசித்திரமாகத் தெரிவதால் பெற்றோர் பேசுகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் மெச்சுகிறார்கள். எனக்கு இவற்றின்மேல் பெரிய கோபம் இல்லை. பத்து நிமிடத்தில் முடிகிற காரியம், யாருக்கும் கை கால் போய்விடாது.

என் கவலை வேறு. எந்தப் பெற்றோருக்கும் விசித்திரமாகவே தோன்றாத ஒரு காலை வழக்கம் இருக்கிறது. காலை ஸ்பெஷல் கிளாஸ்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அறிவிப்பு வரும். காலை ஏழரைக்கு வகுப்பு. ஒன்பதேகாலுக்கு பிரேயர். சாயங்காலம் மணி அடித்த பிறகும் ஒன்றரை மணி நேரம் படிப்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். அவளுக்கு முன்னால் அவள் அம்மா எழ வேண்டும். சாயங்காலம் வீடு வந்து சேர ஏழு மணி. அதற்குமேல் வீட்டுப்பாடம், ரெக்கார்டு நோட்டு. பதினொன்றுக்குப் படுத்தால் ஆறே கால் மணி நேரத் தூக்கம்.

13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் சொன்னது. இன்னொரு சங்கதியும் உண்டு. தூக்கத்தைக் கூட்டி வருகிற மெலட்டோனின் சுரப்பு பருவ வயதில் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராது. ஐந்து மணிக்கு எழு என்றால் உடம்பு கேட்காது. நாம் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உடனே ஒரு தாத்தா சொல்வார்: "விடியக்காலையில படிச்சாத்தான் மனசுல பதியும். நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சோம்." உண்மையாகவே அப்படித்தான் படித்திருப்பார்கள். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. விடியற்காலையை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னிரவை விட்டுவிட்டோம்.

என் மகளின் காலை வகுப்புக் கணக்கு நோட்டை ஒருநாள் புரட்டினேன். தேல்ஸ் தேற்றம். தலைப்பு நிமிர்ந்து நிற்கிறது, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. தரவு, நிரூபிக்க வேண்டியது என்பது வரை எழுத்து ஒழுங்காக வருகிறது. நிரூபணத்தின் நாலாவது வரியில் எழுத்து கோட்டைவிட்டுக் கீழே இறங்குகிறது. அடுத்த வரியில் ஒரு கோடு, பேனா தானாகச் சறுக்கின கோடு. அதன்பின் இரண்டு வரி காலி. பிறகு வேறு மையில், யாரிடமோ வாங்கி எழுதின மீதி. அதே நோட்டில் பதினோரு மணிப் பீரியடில் எழுதிய பக்கம் அச்சடித்தாற்போல் இருக்கிறது. ஆசிரியரும் அவரேதான்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவரும் தன் வீட்டை அப்படியே போட்டுவிட்டுத்தான் ஏழரைக்கு வருகிறார். பாட்டனி டீச்சர் வகுப்பில் கொட்டாவியை அடக்குவதைப் பிள்ளைகள் நடித்தே காட்டுகிறார்கள்.

சரி, பள்ளி நிர்வாகம்தான் கட்டாயப்படுத்துகிறதா என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். "சார், ஏழு மணிக்கே ஆரம்பிங்க. நாங்க அனுப்பி வைக்கிறோம்" என்று எழுந்து சொல்கிறவர் அப்பாதான். "வீட்டுல இருந்தா போனைத்தான் சார் நோண்டுவான்" என்று ஆதரிக்கிறவர் அவருக்கு அடுத்த நாற்காலி. தலைமை ஆசிரியர் தயங்கினால்கூடப் பெற்றோர் விடுவதில்லை.

இதை வெறும் மார்க் ஆசை என்று ஒதுக்கிவிடலாமென்று பார்த்தால், அதே கூட்டத்தில் வேறு குரல்களும் கேட்கும். ஓர் அம்மா சொன்னார்: "நான் ஆறரைக்கு மில்லு வண்டி ஏறணும் சார். அதுக்கப்புறம் புள்ள வீட்டுல தனியா இருக்குது. உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி." அவருக்கு அது வகுப்பே இல்லை, காவல். இன்னொருவர்: "சாயங்கால கிளாஸ் வேணாம் சார், கார்த்திகை மார்கழியில ஆறு மணிக்கே இருட்டிருது. பொம்பளப் புள்ள. காலையில எவ்வளவு வேணா வச்சுக்கங்க." ட்யூஷனுக்கு மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்க வழியில்லாதவருக்கு இந்த ஒன்றரை மணி நேரம்தான் இலவச ட்யூஷன். இவர்களிடம் போய் மெலட்டோனின் என்று பேசினால், பேசுகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கவும் வேண்டும். பிள்ளை தூங்காததற்குப் பின்னால் மில் ஷிப்டும் தெருவிளக்கும் பஸ் நேரமும் இருக்கின்றன.

ஆனால் இந்தக் காரணங்கள் எதுவும் படிப்பைப் பற்றியவை அல்ல என்பதையும் கவனியுங்கள். இருட்டு ஒரு பிரச்சினை, காவல் ஒரு பிரச்சினை, பணம் ஒரு பிரச்சினை. மூன்றையும் தீர்க்கப் பிள்ளையின் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை பாருங்கள், அதனால்தான்.

இதற்கு வேறு ஒரு வரலாறும் உண்டு. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அங்கே விடியுமுன் எழுப்பிப் படிக்க வைக்கிறார்கள் என்பதே விளம்பரமாக இருந்தது. மாநில ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படம் பேப்பரில் வரும், அடுத்த ஆண்டு அட்மிஷனுக்கு வாசலில் வரிசை நிற்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருட்டுகிற வழக்கம் அப்படித்தான் பரவியது. 2017-இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2018 மார்ச்சில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. ரேங்க் போயிற்று. விடியற்காலை மட்டும் போகவில்லை. ஊர் ஊராகப் பரவி, விடுதியில்லாத சாதாரணப் பள்ளிக்கும் வந்துவிட்டது. விடுதிப் பிள்ளைக்கு எழுந்தால் அடுத்த கட்டிடத்தில் வகுப்பு. நம் பிள்ளைக்கு நடுவில் டவுன் பஸ் இருக்கிறது.

வெளியூர்க் கதை கொஞ்சம். கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். 2018-இல் ஒரு ஆளுநர் அதை நிராகரித்தார், 2019-இல் அடுத்தவர் கையெழுத்திட்டார், 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே சியாட்டில் நகரம் 7.50-ஐ 8.45 ஆக்கியது. "தாமதமாக எழலாம் என்றால் தாமதமாகத்தான் படுப்பார்கள்" என்று அங்கேயும் பெரியவர்கள் சொன்னார்கள். மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தபோது சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். புளோரிடாவில் இதே மாதிரிச் சட்டம் 2023-இல் வந்து, பஸ்ஸுக்கும் ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்ற கூச்சலில் 2025-இல் ரத்தானது. ஆக, அங்கேயும் பஸ்தான்.

மார்க்குக்கு அஞ்சுகிறவர்களுக்கு சிங்கப்பூர் நல்ல உதாரணம். படிப்பு வெறியில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஏழரைக்குப் பள்ளி தொடங்குவது அங்கே வெகு சாதாரணம். அந்த ஊரில், மார்க்குக்குப் பேர்போன நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-இல் தொடக்க நேரத்தை 45 நிமிடம் தள்ளி 8.15 ஆக்கியது. ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கினார்கள், பகலில் தூங்கி வழிவது குறைந்தது. பள்ளியின் பேர் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

விசித்திரமான காலை வழக்கம்தான் வேண்டும், அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்றால், ஜப்பானில் ஒன்று இருக்கிறது. சிபா மாகாணத்தின் ஃபுனபாஷியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 1988-இல் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் தொடங்கியது. முதல் பீரியடுக்கு முன் பத்து நிமிடம் வாசிப்பு. நான்கே விதிகள். எல்லோரும் வாசிக்க வேண்டும், ஆசிரியர் உட்பட. தினமும் வாசிக்க வேண்டும். பிடித்த புத்தகம் எதுவானாலும் சரி. வாசித்தால் போதும், கேள்வி, சுருக்கம், மார்க் எதுவும் கிடையாது. இன்று ஜப்பானில் 20,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இது நடக்கிறது. நம் பெற்றோர் கூட்டத்தில் இதை ஒருவர் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "கதப் புஸ்தகம் படிச்சா பப்ளிக்ல மார்க் வருமா சார்?" என்பது முதல் கேள்வி. கடைசி விதியைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மார்க் இல்லாத வேலைக்குப் பிள்ளையை அனுப்புவதற்கு நாம் இன்னும் பழகவில்லை.

எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்தது வாசிப்பைக்கூட விட, அதன் அளவு. பத்து நிமிடம். பள்ளி தன் நேரத்திலிருந்து தானே எடுத்துக் கொடுத்தது. வீட்டிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஒரு காலை வழக்கத்தை எடைபோட நான் வைத்திருக்கும் படிக்கல் இதுதான்: அந்த நேரம் யாருடையது? பள்ளி தன் கையிலிருந்து கொடுத்தால் தோப்புக்கரணமோ தியானமோ போகட்டும். தூக்கத்திலிருந்தும் சோற்றிலிருந்தும் எடுத்தால், அது எவ்வளவு நல்ல பாடமானாலும் நான் ஒப்ப மாட்டேன்.

சோறு என்று சொன்னது சும்மா இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வந்தது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஆக, எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து உட்காரச் சொல்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலையில் எதுவும் இல்லை. ஆறே முக்கால் பஸ்ஸுக்கு ஓடுகிறவள் கையில் அம்மா ஒரு தோசையைச் சுருட்டிக் கொடுப்பாள், உள்ளே கொஞ்சம் சர்க்கரை. பாதி பஸ் ஸ்டாப்பில் இறங்கும், மீதி பையில் கிடக்கும். ஏழரை முதல் ஒன்பது வரை வகுப்பு. ஒன்பதேகாலுக்கு வெயிலில் பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி வாசிப்பு, தலைமை ஆசிரியரின் அறிவுரை. எங்காவது ஒரு வரிசையில் ஒரு பெண் தடாலென்று விழுவாள். தூக்கிக்கொண்டு போய் வராண்டாவில் படுக்க வைத்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். "சாப்டியாம்மா?" என்றால் "சாப்டேன் மிஸ்" என்பாள். எந்தப் பெண்ணும் இல்லை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. இது நடக்காத பள்ளி இருந்தால் அந்தத் தலைமை ஆசிரியரை நேரில் போய்க் கும்பிடலாம்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் தலைவர் ஒரு பெற்றோர், உறுப்பினர்களில் பெரும்பாலோரும் பெற்றோர். தண்ணீர்த் தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடுகிற அந்தக் குழு, காலை வகுப்புக்கும் போடலாம். அடுத்த கூட்டத்தில் ஸ்பெஷல் கிளாஸ் ஒப்புதல் தாள் வந்தால், கையெழுத்துப் போடுமுன் மூன்று விவரம் கேளுங்கள்: கடைசியாக வந்து சேர்கிற பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், எங்கே சாப்பிடுகிறாள், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள். பதில் கிடைத்ததும் ஏழரையை எட்டரை ஆக்கச் சொல்லுங்கள். மில்லுக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளுக்காக கேட்டை மட்டும் ஏழரைக்கே திறந்து வைக்கட்டும். பாடம் வேண்டாம், உட்கார ஒரு அறையும் சாப்பிட நான்கு இட்லியும் போதும். இட்லிக்குப் பணம் யார் தருவது என்ற கேள்வி வரும். அதையும் அந்தக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.