அறையும் அங்கீகாரமும்

வாஷிங்டனிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான ஜார்ஜ்டவுன் மீது தன்பாலீர்ப்பு மாணவர்கள் 1980இல் வழக்குத் தொடுத்தார்கள். 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஷயத்தை இரண்டாகப் பிரித்தது: மற்ற மாணவர் அமைப்புகளுக்குத் தரும் வசதிகளை இவர்களுக்கும் தர வேண்டும், ஆனால், அங்கீகரிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது.

முதலில் எனக்கு இது நழுவலாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சட்டம் விசா தரும், பக்கத்து வீட்டுக்காரரின் புன்னகையைத் தராது என்பது புலம்பெயர்ந்த நமக்குத் தெரியும். விசா இல்லாமல் அந்தப் புன்னகைக்காகக் காத்திருக்கவும் முடியாது.

2008இல் அதே பல்கலைக்கழகம் அவர்களுக்கென ஒரு மையத்தைத் திறந்தது. கேட்டது நீதிமன்றமல்ல, மாணவர்கள். திருச்சபையின் போதனை மாறிவிடவில்லை. கோட்பாட்டில் உடன்படாமலே ஒருவரை வீட்டுப் பிள்ளையாக நடத்த முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அது போதுமா என்பதை மட்டும் வீட்டுக்காரர் சொல்லக் கூடாது. பிள்ளைதான் சொல்ல வேண்டும்.