நிறுவையில் ஏறாத பாரம்

தமிழில் ‘பணி’ என்னும் சொல் இருவேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. தொழில் என்பது ஒன்று. தாழ்தல், வணங்குதல் என்பது மற்றொன்று. நிமிர்ந்த தலை தன்மானத்துக்கும் வளைந்த முதுகு அடங்கிப்போதலுக்கும் அடையாளமாகக் கொள்ளப்படுவதும் வழக்கில் உள்ளதே. உடலின் நிலைகொண்டு மனிதனின் தரத்தை அளக்கும் இம்மனப்பாங்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில், இயற்கையானது அடிமையின் உடலை வன்மையான உழைப்புக்கு ஏற்றதாகவும் சுதந்திர மனிதனின் உடலை நிமிர்ந்ததாகவும் அமைக்க விழைகின்றது என்றார். இதற்கு மாறானவை நிகழ்வதுண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆயின், உழைப்பவனின் முதுகை வளைப்பது இயற்கையா, அன்றி உழைப்பு ஒழுங்குசெய்யப்பட்டுள்ள முறையா என்னும் வினா அங்கு எழவில்லை. அவ்வினா உடலியலுக்கு மட்டும் உரியதன்று, அறவியலுக்கும் உரியதாகும்.

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்கள் இதனை ஆராய்தற்குத் தக்க களமாகும். பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை முதலிய பகுதிகளின் செங்குத்தான சரிவுகளிற் கொழுந்து பறிப்போருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கூடையின் கயிறு தலையிற் படிந்திருக்க, கூடை முதுகிலே தொங்கும். கொழுந்து சேரச் சேர, அதன் பாரம் கழுத்தெலும்புகள் வழியே இறங்கும். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பதால் இடுப்பு ஒருபுறம் சாயும். கைகள் செடியின் மட்டத்தின்மேல் நீள, உடல் முன்னோக்கி வளையும். விரல்களும் மணிக்கட்டும் ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும். ஆண்கள் செய்யும் கவ்வாத்து, கான்வெட்டு, முள்ளுக்குத்து முதலிய வேலைகளும் பெரிதும் குனிந்தே செய்யப்படுவன.

உடல் முன்னே வளையும்போது, மேலுடலின் பாரத்தை முதுகுத் தசைகள் பின்னின்று இழுத்துப் பிடிக்கின்றன. நெம்புகோலின் குறுகிய புயத்தில் நின்று இழுப்பதால், அவை தாங்கும் பாரத்தினும் பன்மடங்கு விசையைச் செலுத்த வேண்டியுள்ளது. அவ்விசை கீழ்முதுகின் முள்ளெலும்பிடைத் தட்டுகளை அழுத்துகின்றது. சுருங்கிய நிலையிலேயே நீண்டநேரம் நிற்கும் தசையிற் குருதியோட்டமும் குறையும். இடையிடையே ஓய்வு கிடைப்பின் இழையங்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும். கிடைக்காவிடின் நோவு நாளடைவில் நிலைபெற்றுவிடும். ஆகவே, தீங்கின் காரணம் பாரம் மட்டுமன்று; ஓய்வின்மையும் காரணமாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். உழவரும் நெசவாளரும் கூடத்தான் முதுகு வளைக்கின்றனர். தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் தனியறம் வேண்டுமோ என்பது அது. சொந்த வயலில் உழைப்பவர்க்கும் நோவு உண்டு என்பது உண்மையே. ஆயினும், எப்போது நிமிர்வது, எவ்வளவு சுமப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையிற் சிறு பங்கேனும் அவரிடம் உள்ளது. கொழுந்து பறிப்பவரிடம் அது இல்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்னும் அளவு முன்னரே விதிக்கப்படுகின்றது. அது நிறைவுறாவிடின் முழுப்பேர் கிடைப்பதில்லை. அரைப்பேர் மட்டுமே கிடைக்கும். எனவே, நிமிர்ந்து இளைப்பாறும் ஒவ்வொரு கணமும் கூலியிலிருந்து கழிக்கப்படும் கணமாகின்றது. மாலையில் லயத்துக்குத் திரும்பியபின் நீரும் விறகும் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண்ணுக்கு, அங்கும் ஓய்வில்லை. தோட்டத்துறையில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி 1984 ஆம் ஆண்டிலேயே கிடைத்தது என்பதும் கருதற்பாலது.

அவர் விரும்பியன்றோ வேலைக்கு வருகின்றார் எனின், விருப்பம் என்பதன் பொருளை ஆராய்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டு வரையும் இயற்றப்பட்டுக்கொண்டிருந்தது. குடியிருக்கும் வீடே வேலையோடு பிணைக்கப்பட்டிருந்த நிலையில், இசைவு என்பது வேறு வழியின்மையின் மறுபெயராகவே இருக்கும்.

பேர்னாடினோ றமசினி என்னும் இத்தாலிய மருத்துவர், 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்நோய்கள் பற்றிய நூலில், இயல்புக்கு ஒவ்வாத உடல்நிலைகளும் அசைவுகளும் உழைப்போரின் உடலைச் சிதைப்பதை எடுத்துரைத்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய வினாக்களோடு, ‘உன் தொழில் யாது?’ என்னும் வினாவையும் சேர்க்குமாறு அவர் வேண்டினார். நோயின் மூலத்தை ஆராய்ந்தறிய வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியுமாகும். மூலம் வேலையின் ஒழுங்கில் இருக்க, நோவுக்குத் தைலமும் மாத்திரையும் மட்டும் கொடுத்து, அதே மலைக்கு மறுநாளும் அனுப்புவது மருத்துவமாகாது.

இத்தீங்கு ஏன் தீங்காகவே தோன்றுவதில்லை? பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடிற்று. நாடு முழுவதும் அதிர்ந்தது, உதவிகள் குவிந்தன. ஆனால் அம்மலை அன்று காலையில் மட்டும் ஆபத்தானதன்று. அங்கு வாழ்வோர்க்கு மண்சரிவு ஆபத்து உண்டென்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மெல்ல நெருங்கிய ஆபத்து எவரையும் அசைக்கவில்லை; கணத்தில் நிகழ்ந்த அழிவே அசைத்தது. முதுகின் கதையும் இத்தகையதே. கணத்தில் நேர்வதை உலகம் விபத்து என்கின்றது; முப்பது ஆண்டுகளில் நேர்வதை முதுமை என்றும் விதி என்றும் கூறி அமைதியடைகின்றது.

சட்டமும் இப்பார்வைக்குப் பெரிதும் புறம்பானதன்று. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது விபத்தால் நேரும் காயத்துக்கும் அட்டவணையிற் குறிக்கப்பட்ட தொழில்நோய்களுக்கும் ஈடு வழங்குகின்றது. விபத்துக்கு ஒரு நாளும் நேரமும் உண்டு. மெல்லத் தேய்ந்த முதுகுக்கு அத்தகைய நாளைக் குறிப்பது எங்ஙனம்? அடித்தவர் எவருமில்லை, ஆகவே பொறுப்பாளரும் எவருமில்லை என்று முடிவு கட்டப்படுகின்றது. இம்முடிவு பிழையானது. ஒரு தீங்கு நேருமென அறிந்தும், தவிர்க்கும் ஆற்றல் இருந்தும், அதனாற் பயன்பெற்று வாளாவிருப்பவர், கை ஓங்காவிடினும் பொறுப்பாளரே.

கார்ல் மாக்ஸ் ‘மூலதனம்’ நூலின் வேலைநாள் பற்றிய அதிகாரத்தில், ஒருநாட் கூலிக்கு மூன்றுநாள் உழைப்புச் சக்தியைச் செலவிடுவதை உழைப்பாளியின் கூற்றாகக் கண்டித்தார். மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது கான்றின் அறநெறி. கருவியைக்கூட அதன் உடைமையாளர் தேய்ந்துவிடாமற் பேணுவர் என்பதை நினைக்கும்போது, இவ்விடத்தில் மனிதர் கருவியினும் கீழாக மதிக்கப்படுவது புலனாகும்.

மாற்றங்கள் அரியனவுமல்ல. பாரம் மிகுமுன்னரே நிறுக்கும் ஒழுங்கு, கழுத்தை வருத்தாத பைகள், சரிவுகளிற் படிக்கட்டுகள், கூலி குறையாத இடையோய்வு, வேலைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தல் ஆகியன செய்யத்தக்கவையே. ஆயினும், நோவை எளிதாக்கும் சாதனம் வந்தபின் அதனைக் காரணமாக்கிக் கொழுந்தின் அளவையும் உயர்த்துவராயின், முதுகு பெற்ற ஆறுதல் மீண்டும் பறிக்கப்படும். ஆதலால், அளவை வகுப்போரின் முன் அதனைச் சுமப்போரின் சொல்லும் ஏற வேண்டும்.

தராசு கொழுந்தை மட்டுமே காட்டும். அக்கொழுந்தோடு சேர்ந்து இறங்கிய உடலின் பகுதியை அது காட்டாது. அதனைக் கணக்கிலே சேர்ப்பது இரக்கத்தின் பாற்பட்டதன்று. கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்கும் நீதியின் பாற்பட்டதாகும்.