யார் காசில் கலை?

1905இல் ஸ்டாண்டர்ட் ஆயில் அதிபர் ஜான் டி. ராக்ஃபெல்லர் பாஸ்டன் நகரின் 'அமெரிக்கன் போர்டு' என்ற மிஷன் சங்கத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்திவந்த சங்கம்தான் அது. செய்தி வெளிவந்ததும் சபைக்குள்ளேயே கலகம் மூண்டது. ஒஹாயோவைச் சேர்ந்த போதகர் வாஷிங்டன் கிளாடன் முன்னால் நின்றார். ரயில் கம்பெனிகளோடு இரகசியச் சலுகை பேசி, சிறு வியாபாரிகளை நசுக்கிச் சேர்த்த செல்வம் அது. அதை வாங்கினால் நாளை அந்த அநியாயத்தைக் கண்டித்துப் பேச நமக்கு வாய் இருக்காது என்பது அவர் வாதம். 'கறைபட்ட பணம்' என்ற பேச்சு அமெரிக்கப் பத்திரிகைகளில் மாதக்கணக்கில் ஓடியது.

பிறகுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. ராக்ஃபெல்லர் தானாகக் கொடுக்கவில்லை. சங்கத்தார்தான் அவருடைய ஆட்களிடம் போய்க் கேட்டு வாங்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியபோது அதைச் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்! பணம் திருப்பித் தரப்படவில்லை. நல்கைக்கு விண்ணப்பம் எழுதிப் பழகிய எவருக்கும் அந்த மௌனத்தின் அர்த்தம் விளங்கும்.

பாவம் காசில் ஒட்டுமா என்பது பழைய கேள்வி. யூதாஸ் வீசிவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைக் கோவில் குருமார் என்ன செய்தார்கள் என்று மத்தேயு சொல்கிறார்: இரத்தக் கிரயம் என்பதால் காணிக்கைப் பெட்டியில் போடவில்லை. எறியவும் இல்லை. அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலத்தை வாங்கினார்கள். பொதுக் காரியத்துக்கு ஆகும், சந்நிதிக்கு ஆகாது என்ற நுட்பமான கோடு அது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கோட்டை இன்னும் கூர்மையாக்கினார். திருட்டிலும் வட்டியிலும் வந்ததைத் தர்மம் செய்ய முடியாது; அது பறிகொடுத்தவனுக்குத் திரும்பிப் போகவேண்டிய கடன். பரத்தைத் தொழிலில் வந்ததோ இழிவான வழியில் வந்தது. ஆனாலும் யாரிடமிருந்தும் பறித்ததல்ல, ஆகவே ஏழைக்குக் கொடுக்கலாம். பலிபீடத்துக்கு மட்டும் கொண்டுவரக் கூடாது என்றார்.

பௌத்தம் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. தானத்தில் பெரிய லாபம் கொடுப்பவனுக்கு, அதாவது புண்ணியம். எனவே வாங்க மறுப்பதே தண்டனை. சங்கத்துக்குத் தீங்கு செய்தவனிடம் பிட்சுக்கள் திருவோட்டைக் கவிழ்த்துவிடலாம் என்று விநயப் பிடகம் அனுமதிக்கிறது. 2007 செப்டம்பரில் பர்மாவின் பிட்சுக்கள் ராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராக ஓட்டைக் கவிழ்த்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த தளபதிகள் சோறு போட முடியாமல் நின்றார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. அடியார்க்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் திருமங்கை ஆழ்வார். நாகப்பட்டினத்து விகாரையின் பொன் புத்தரைக் கவர்ந்து, அதை உருக்கி ஸ்ரீரங்கத்தில் மதில் கட்டினார் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூச்சமின்றிச் சொல்கின்றன. அந்த வழிப்பறியை நடித்துக்காட்டும் வேடுபறி உற்சவம் இன்றும் நடக்கிறது. பக்தி மிகுந்தால் கணக்கு கேட்கப்படாது என்பது போலத் தோன்றும். ஆனால் கதையைச் சொன்னவர்கள் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள். நாகப்பட்டினத்து பிட்சுக்கள் இதை எப்படிச் சொல்லியிருப்பார்களோ?

இந்தப் பழைய வழக்கு அண்மையில் அருங்காட்சியகங்களின் வாசலுக்கு வந்தது. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலிமாத்திரையை விற்ற பர்டியூ பார்மா கம்பெனி சாக்லர் குடும்பத்தினருடையதாக இருந்தது. மாத்திரையின் அடிமைப்படுத்தும் தன்மை பற்றித் தவறான தகவல் தந்ததாக 2007இல் அந்தக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் வேறு குற்றங்களுக்காக மறுபடியும். தாங்கள் தவறேதும் செய்யவில்லை என்றே குடும்பத்தினர் சொல்லிவந்தார்கள். இதற்கிடையில் நியூயார்க், லண்டன், பாரீஸ் என்று பெரிய கலைக்கூடங்களின் சுவர்களில் அவர்கள் பெயர். அதே மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், 2018 மார்ச்சில் தோழர்களோடு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் போய், எகிப்தியக் கோவில் நிற்கும் கூடத்தின் நீர்த்தொட்டியில் மாத்திரைக் குப்பிகளை வீசினார். அடுத்த ஆண்டு, சாக்லர் பணத்தை வாங்கினால் தன் கண்காட்சியை அங்கே வைக்கமாட்டேன் என்று லண்டனின் தேசிய உருவப்படக் கூடத்துக்குச் சொன்னார். பத்து லட்சம் பவுண்டு நல்கை கைவிடப்பட்டது. டேட் கூடங்களும் இனி வாங்குவதில்லை என்றன. லூவர் 2019இல் பெயரை எடுத்தது. மெட்ரோபாலிடன் 2021 டிசம்பரில்.

இதில் ஒரு சங்கடமான முடிச்சு உண்டு. சாக்லர் சகோதரர்களில் மூத்தவரான ஆர்தர் 1987இலேயே இறந்துவிட்டார். ஆக்ஸிகான்டினில் அவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ பங்கில்லை. வாஷிங்டனில் அவர் கொடையால் எழுந்த ஆசியக் கலைக்கூடமும் 2019இல் பொதுப் பெயருக்கு மாறியது. கறை பணத்தில்தான் என்றால் இது அநீதி. ஆனால் மக்கள் பார்த்தது பணத்தை அல்ல, சுவரில் இருந்த பெயரை.

கிளாடன் அஞ்சியதும் இதற்குத்தான். பணம் வந்த வழியைவிட, அதற்கு ஈடாக நாம் என்ன கொடுக்கிறோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கலைக்கூடம் தருவது மரியாதை; அது விற்பனைக்குரிய சரக்கு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. நியூயார்க்கின் லிங்கன் சென்டர், 1973இல் ஏவரி ஃபிஷர் தந்த 1.05 கோடி டாலருக்காக இசையரங்குக்கு அவர் பெயரை வைத்தது. 2014இல் அந்தப் பெயரை எடுப்பதற்கு அவர் குடும்பத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தது. மறு ஆண்டே 10 கோடிக்கு டேவிட் கெஃபன் பெயரை ஏற்றது. மிக மலிவான பேரம் சென்னையில் சேர்த்த செல்வத்தில் நடந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, அடிமை வியாபாரத்திலும் தொடர்புடைய எலிஹு யேல், 1718இல் கனெக்டிகட்டில் ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு விற்றதில் சுமார் 560 பவுண்டு தேறியது. முந்நூறு ஆண்டுகளாக அவர் பெயர் அங்கே இருக்கிறது.

பெரிய கூடங்கள் மறுக்கலாம். மறுத்தால் பெயர்கூடக் கிடைக்கும். வாடகை கட்டவே திண்டாடும் நாடகக் குழுவுக்கும், கறையான் தின்னும் சுவடிகளோடு போராடும் நூலகத்துக்கும் அந்த வசதி இல்லை. அரசுப் பணம் சுத்தம் என்று ஒதுங்கவும் முடியாது. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் தரும் நல்கைக்கு, பெரும்பாலும் அதே அளவு தொகையை வேறு இடத்தில் திரட்டிக் காட்டவேண்டும். ஆக, அரசு வாசலில் நின்றவரும் கடைசியில் தனவந்தர் வாசலுக்கே வருகிறார். பிரிட்டனில் மரபுச் சின்னங்களுக்குக் கொடுக்கும் மிகப் பெரிய நிதியம் 1994 முதல் லாட்டரிச் சீட்டில் வாழ்கிறது. சூதாட்டத்தை எதிர்த்த சபையினருக்கு அது எளிதான சோதனையாக இருக்கவில்லை. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று 1968இல் சீட்டு விற்று 2003இல் அதையே தடை செய்த தமிழ்நாட்டுக்கு இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது: கொடையை ஏற்பதே தொடக்க நிலை, மறுப்பதற்குத்தான் காரணம் வேண்டும். பயனாளியின் பணத்தை உங்கள் மனச்சாட்சிக்காகத் தள்ளிவிட உங்களுக்கு என்ன உரிமை என்கிறது சட்டம். கேட்கவேண்டிய கேள்விதான்.

என்றாலும் பெயரை விலைபேசாத கொடையும் இருக்கிறது. பால் அட்டைப்பெட்டி செய்யும் டெட்ரா பாக் செல்வத்தின் வாரிசு லிஸ்பெட் ரௌசிங்கும் அவர் கணவர் பீட்டர் பால்ட்வினும் நிறுவிய ஆர்கேடியா அமைப்பின் பணத்தில், 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் அழியும் ஆவணங்களைக் காக்கும் திட்டத்தை நடத்திவருகிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களைக் காக்க அந்த நல்கையைப் பெற்றிருக்கிறது. அட்டைப்பெட்டிகள் எந்தக் குப்பைமேட்டில் கிடக்கின்றன என்று சூழலியலாளர் கேட்கலாம், கேட்கட்டும். திட்டத்தின் பெயரில் குடும்பப் பெயர் இல்லாததால், பதில் சொல்லும்போது நூலகத்தின் நாக்கு கட்டப்பட்டிருக்காது.