கரிசலுக்குத் தருவது கொடையா, கடனா?

"மானாவாரி உழவனுக்கு அரசு எதற்காக உதவ வேண்டும்? மழையை நம்பிச் சூதாடுகிறவனுக்கு மக்கள் பணத்தை வாரி இறைப்பது எந்த ஊர் நியாயம்? உளுந்து பர்மாவிலிருந்து மலிவாகக் கப்பலேறி வருகிறது, வாங்கி உண்போம். உழவன் வேறு தொழில் பார்க்கட்டுமே!"

இப்படிக் கேட்போர் உண்டு. இரக்கமற்றவர்கள் என்று கூறி அவர்களை ஒதுக்கிவிட முடியாது, கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நாம் வழக்கமாகத் தரும் மறுமொழியோ கண்ணீர். "ஐயோ, உழவன்! ஊருக்குச் சோறிடும் உத்தமன்! அவனுக்கு இரங்குங்கள்!" என்கிறோம். கணக்குக்குக் கண்ணீர் விடையாகுமா? அதனினும் கேடு ஒன்று உண்டு. இரக்கத்தின் பேரால் கேட்டுப் பெறுவது பிச்சை. இன்று இட்ட கை நாளை மறுக்கலாம், மறுத்தால் கேட்பாரில்லை. ஆகவே, தோழர்களே, கேள்வியை நேர் நின்றே ஏற்போம். கரிசல் உழவனுக்கு நாடு தருவது கொடையா, கடனா?

தூத்துக்குடி என்றதும் கடல் நினைவுக்கு வரும். முத்தும் சங்கும் உப்பும் நினைவுக்கு வரும். அந்த மாவட்டத்தின் வடபகுதி எவர் நினைவுக்கும் வருவதில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் என விரியும் கரிசற்காடு அது. தாமிரபரணி தெற்கே ஓடித் தெற்கேயே கடலில் கலந்துவிடுகிறது. கரிசலுக்கு வானம் ஒன்றே வாய்க்கால். மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், குதிரைவாலி, மிளகாய், மல்லி என்று விளைந்த நிலத்தில் இப்போது மக்காச்சோளமும் பரவியிருக்கிறது. மழை பிந்தினால் முளை கருகும். மிகுந்தால் காய் செடியிலேயே முளைக்கும். 2018 முதல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்கிறது. இரவில் காட்டுப்பன்றி வருகிறது.

இத்தனைக்கும் "விதி" என்று ஒற்றைச் சொல்லில் விளக்கம் தந்து, மழை வேண்டிக் கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் நடத்திய நாடு இது! கழுதையின் கழுத்தில் ஏறிய தாலி எந்த மேகத்தையும் கரைத்ததில்லை. கோவில்பட்டியிலோ 1901-இலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. வறண்ட நிலத்துக்கென்றே அங்கே விதைகள் ஆய்ந்து உருவாக்கப்பட்டன. எந்த விதை எத்தனை நாள் வறட்சி தாங்கும் என்று சொல்ல அறிவியல் இருக்கிறது. அந்த விதை தரும் விளைச்சலை யார், என்ன விலைக்கு வாங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

முத்துக்குளிப்பை எண்ணிப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கியவன் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு; இரு பங்கு அரசுக்கு. கொடுமையான கணக்குத்தான். ஆயினும் அதற்குப் பங்கு என்று பெயர் இருந்தது. கரையேறியவனுக்குச் சர்க்கார் போட்ட பிச்சை என்று எவனும் அதைச் சொன்னதில்லை. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு விளைந்ததில் உரிமை உண்டு என்பதை வெள்ளைக்கார அதிகாரியும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கரிசல் உழவனும் மூழ்குகிறான், ஒவ்வோர் ஆண்டும். விதைக் கடன், உரக் கடன், நகைக் கடன் என்று மூழ்குகிறான். விளைந்தால் நாடு உண்கிறது. விளையாவிட்டால் நட்டம் அவனுக்கு மட்டும். நன்றாக விளைந்துவிட்டாலோ விலை வீழ்கிறது. அப்போதும் நட்டம் அவனுக்கே! 2021 மே மாதத்தில் துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் இறக்குமதிக் கட்டுப்பாட்டை ஒன்றிய அரசு நீக்கியது. பாசிப்பயற்றுக்கு மட்டும் மறு ஆண்டு மீண்டும் கட்டுப்பாடு வந்தது. நகரத்துக்குப் பருப்பு மலிவாகக் கிடைக்க எடுத்த முடிவு அது. குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? உளுந்து பயிரிட்டவர்தாமே! ஒருவர் இழப்பில் மற்றவர் பெற்ற பயனுக்குத் தமிழில் கடன் என்று பெயர்.

இன்னொன்றும் அந்தக் கடனில் சேரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் சென்னை மாகாணமும் இலங்கையும் திருவிதாங்கூரும் பர்மா அரிசியை நம்பியிருந்தன. மலிவு, கப்பலில் வந்து இறங்கிற்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று, அரிசி நின்றது. அதன்பின் பங்கீடும் வரிசையும் பட்டினியுமாகக் கழிந்த ஆண்டுகளை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே பர்மாவிலிருந்துதான் இன்று உளுந்து வருகிறது. அங்கே 2021 பிப்ரவரியில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கவர்ந்தார்கள். போர்தான் வரவேண்டும் என்பதுமில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே நின்றார்கள். வானூர்தியில் உணவு வருமுன் அருகிலிருந்த சிற்றூர் மக்கள் தம்மிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். துறைமுகத்துக் கிடங்கு அன்று அவர்களுக்கு எட்டாத தொலைவு. உழவு அழியாமல் இருக்கும் ஊரில்தான் குதிரில் தானியம் இருக்கும். அந்தக் குதிரை நிரப்பி வைப்பவனுக்கு அதற்கென்று நாம் எதுவும் தந்ததில்லை.

மறுப்பு ஒன்று உண்டு, வலுவானது. உப்பளத்தில் வெயிலில் வாருகோல் இழுக்கும் பெண்ணை எண்ணுங்கள். நாட்கூலி. உள்ளூர் உளுந்துக்கு நல்ல விலை வேண்டும் என்று இறக்குமதியைத் தடுத்தால், அந்த விலையை யார் கொடுப்பது? அவள்தான். ஏழை உழவனைக் காக்க ஏழைத் தொழிலாளியின் தட்டில் கைவைப்பது நீதியாகாது. நானும் துறைமுகத்தை மூடச் சொல்லவில்லை. ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் பிறந்த வ.உ.சி.தான் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அவர் பெயரைத்தான் 2011 முதல் அத்துறைமுகம் தாங்குகிறது. கப்பல் பகையன்று. ஆனால், விலை வேறுபாட்டை உழவன் தலையிலும் கட்டாமல் தொழிலாளி தலையிலும் கட்டாமல் ஏற்கக்கூடிய தோள் ஒன்றுண்டு. அது பொதுப்பணம். அரசே வாங்கட்டும், பள்ளிக்கும் பங்கீட்டுக் கடைக்கும்.

கற்பனை என்பீர்களா? 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் எட்டயபுரம். கரிசலின் நடுவே இருக்கும் ஊர்! 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் ஆணையிலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி தரலாம் என்று இடமிருக்கிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் பங்கீட்டுக் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். தருமபுரிக்குக் கேழ்வரகு என்றால் விளாத்திகுளத்துக்குக் கம்பும் குதிரைவாலியும் ஏன் ஆகாது? பிரேசில் நாட்டில் 2009-இல் சட்டமே செய்தார்கள்: பள்ளி உணவுக்கென நடுவண் அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாமல் சிறு உழவரிடமே வாங்க வேண்டும். அங்கே அது உழவனுக்கு இட்ட பிச்சையாகவும் இல்லை, குழந்தைக்கு இட்ட பிச்சையாகவும் இல்லை. வாங்கல், விற்றல், அவ்வளவே.

எதிர்வழியில் போன நாடும் உண்டு. கனடாவின் வடகோடியில் இனுவிட் மக்கள் வாழும் ஊர்களுக்கு உணவு வானூர்தியில் போகிறது. விலை தாங்க முடியாதது. அதற்கென 2011-இல் வந்த திட்டத்தில் அரசு உதவித்தொகை கடைக்காரர்களுக்கும் சரக்கு அனுப்புவோருக்கும் போயிற்று. வேட்டையாடியும் மீன் பிடித்தும் அம்மக்கள் தாமே உணவு தேடிக்கொள்வதற்கு உதவி 2020-இல்தான் வந்தது. அந்தக் கனடாவின் மஞ்சள் பருப்பு நம் பங்கீட்டுக் கடைக்கு வந்த ஆண்டுகளும் உண்டு! தன் வடக்கை உண்பிக்கத் திணறும் நாடு நம் வடக்கின் உழவனோடு போட்டியிடுகிறது. வாணிபத்தின் விந்தை இது.

பழம்பெருமை பேசுவோர் இதைக் கேட்டதும் மகிழ்ந்து ஓடிவருவார்கள். "பார்த்தீர்களா, பாட்டன் காலத்துக் கம்பங்கூழ்! பழைய கிராமம்!" என்பார்கள். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பாட்டன் காலத்துக் கிராமத்தில் கம்பை விதைத்தவன் ஒருவன், களத்தில் அள்ளிக்கொண்டு போனவன் வேறொருவன். விதைத்தவன் தெருவுக்குள் செருப்போடு நடக்க முடியாது. அந்தக் கிராமத்தைத் திரும்பக் கொண்டுவர எவரும் உளுந்து விதைக்க வேண்டியதில்லை.

இன்றும் அந்தக் கிராமத்தின் நிழல் உதவித்தொகையின் மேல் விழுகிறது. 2019 முதல் ஒன்றிய அரசு உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. ஆனால் நிலம் தம் பெயரில் உள்ளவருக்கே. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுபவருக்கு இல்லை. களையெடுத்தும் காய் பறித்தும் கரிசலை வாழவைக்கும் பெண்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது? மூழ்கியவன் ஒருவனிருக்க, கரையில் நின்றவன் பெயரில் பங்கெழுதும் கணக்கு இது. கடன் என்று நாம் சொன்னால், கடனை உரியவரிடம் செலுத்த வேண்டாமா?

குத்தகையாளர் பெயரைப் பதிய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வாய்ச்சொல் குத்தகை வழக்கமாக உள்ள ஊர்களில் அந்தப் பதிவேட்டைத் தேடிப்போவார் அரியர். விளாத்திகுளத்திலும் புதூரிலும் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் இந்தப் புரட்டாசி விதைப்புக்கு முன் வீடு வீடாகச் சென்று, யார் நிலத்தை யார் உழுகிறார் என்று எழுதி எடுக்கட்டும்; எழுதியதை வட்டாட்சியர் மேசையில் வைத்து, பதிவு செய்ததற்கு ஒப்புகைச்சீட்டுக் கேட்டு வாங்கட்டும்.