ரெண்டாம் நம்பர்

போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தேன். ஊரில் கிளம்புகிற அவசரத்தில் முடிவெட்டிக்கொள்ள நேரமில்லை. ஏரியைச் சுற்றி வரும்போது ஒரு சலூன் கண்ணில் பட, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

‘‘சைடுல என்ன நம்பர் சார்?’’ என்றார் அந்த இளைஞர்.

‘நம்பர்னா என்னப்பா?’ என்று கேட்டிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் ஒரு காலேஜ் பையன். அவன் எதிரில் ‘தெரியாது’ என்று சொல்ல வெட்கம். ‘‘ரெண்டு’’ என்றேன், பரம்பரையாக ரெண்டு வைத்துக்கொள்கிறவன் மாதிரி.

மிஷின் ஒருமுறை ஏறி இறங்கியது. காதோரம் கொடைக்கானல் குளிர் நேரடியாகத் தெரிந்தது.

பின்னால் கண்ணாடி பிடித்து, ‘‘ஓகேவா சார்?’’ என்றார். ‘‘சூப்பர்!’’ என்றேன். வெளியே வந்ததும் மனைவியிடம், ‘‘அந்தப் பையன் கெடுத்துட்டான்’’ என்றேன்.

நம்பர் என்பது மிஷினில் மாட்டுகிற சீப்பின் அளவு என்று பிறகுதான் தெரிந்தது. மூன்றால் பெருக்கினால் தோராயமாக மில்லிமீட்டர். ஒன்று என்றால் 3 மி.மீ., ரெண்டு என்றால் 6, நாலு என்றால் ஏறக்குறைய 13. கீழே போகப்போக முடி படிப்படியாகக் குறைந்தால் ‘டேப்பர்’; தோல் தெரிகிற அளவுக்கு மறைந்தே போனால் ‘ஃபேட்’. அவ்வளவுதான் வித்தை.

பி.காம். படிக்கும்போது, 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13-வது பிரிவை உருப்போட்டிருக்கிறேன். ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். இதற்கு வகுப்பில் சொல்கிற உதாரணம், 1864-ல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ கப்பலில் வரும் பஞ்சுக்கு ஒப்பந்தம். அதே பெயரில் கப்பல்கள் இரண்டு! ஒன்று அக்டோபரில் கிளம்பியது, இன்னொன்று டிசம்பரில். வாங்கியவர் மனதில் ஒரு கப்பல், விற்றவர் மனதில் இன்னொன்று. வாங்கியவர் பக்கம் தீர்ப்பானது.

அந்த வாதம் எனக்கு உதவாது. கப்பல் இரண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சொன்ன அளவைச் சரியாக வெட்டியவர் அவர்; பழி மட்டும் அவர் தலையில். ‘சூப்பர்’ என்று வேறு சொல்லிவிட்டதால், தன் பெயர் தெருவில் கெட்டதுகூட அவருக்குத் தெரியாது.

அங்கிருந்து சுமார் 65 கி.மீ. மலை இறங்கினால் பழனி. முடிக்காணிக்கை மண்டபத்தில் எந்த நம்பரும் கிடையாது. ‘மொட்டை’ என்ற ஒரே சொல், கலெக்டருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே அர்த்தம். 2021-லிருந்து கட்டணமும் கிடையாது. அங்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறோம்; விளக்கம் தேவையில்லை. சலூனுக்கு வேண்டியதைக் கேட்கப் போகிறோம். என்ன வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு நம்முடையது. தெரியாவிட்டால் கேட்கிற பொறுப்பும்.

ஊர் திரும்பியதும் எதிர் ஃபிளாட்காரர், ‘‘என்ன சார், பழனியா?’’ என்றார்.

‘‘ஆமா’’ என்றேன்.

‘‘பஞ்சாமிர்தம் எங்கே?’’

கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கு அதோடு சேர்த்து நாலு பொய்.

இந்த மாதம் எங்கள் தெரு சலூனில் உட்கார்ந்ததும், ‘‘நாலுன்னா எவ்வளவு தம்பி, விரலை வெச்சுக் காட்டுங்க’’ என்றேன். காட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.