ஈகையும் முறையும்: காட்டுத்தீயின் பின் அரசின் கடன்

வீடெரிந்து வீதியில் நிற்கும் ஒருவனுக்கு அயலவன் அளிக்கும் உணவுக்கும் அரசு அளிக்கும் பணத்துக்கும் இடையே வேறுபாடு உண்டா? பெறுபவனின் பசி இரண்டினாலும் தணியலாம். ஆயினும் கொடுப்பவனின் நிலை ஒன்றன்று. அயலவன் தன்னுடையதைக் கொடுக்கிறான். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பன அவன் மனத்தைப் பொறுத்தவை. அரசு கொடுப்பதோ அரசினுடையதன்று. வள்ளுவர் ஈகையை இல்வாழ்வானுக்குரிய அறமாக அறத்துப்பாலிலும் செங்கோன்மையை அரசனுக்குரியதாகப் பொருட்பாலிலும் வைத்தமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அரசனிடம் முதலில் வேண்டப்படுவது முறை செய்தலே. ஏட்டளவில் இது எளிதில் ஒப்புக்கொள்ளப்படும் வேறுபாடு. பேரழிவொன்றின் பின் அது எவ்வளவு விரைவில் மறக்கப்படுகின்றது என்பதை அவுஸ்திரேலியாவின் அண்மைக்கால அனுபவம் காட்டுகின்றது.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்டு 2020ஆம் ஆண்டின் தொடக்கம் வரை எரிந்த காட்டுத்தீ, அந்நாட்டில் 24 மில்லியன் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைக் கருக்கியது. அது இலங்கையின் மொத்தப் பரப்பைப் போல் மூன்று மடங்கிலும் அதிகம். தீயில் 33 பேர் மாண்டனர். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கொபார்கோ என்ற சிற்றூரின் கடைத்தெரு 2019 டிசம்பர் 31ஆம் நாள் எரிந்தது. பட்லோவின் அப்பிள் தோட்டங்களும் டியூமட்டைச் சூழ்ந்த பைன் காடுகளும் தீக்கிரையாயின. விக்ரோறியா மாநிலத்து மலக்கூட்டாவில் கடற்கரையில் ஒதுங்கிய மக்களைக் கடற்படைக் கப்பல் வந்து மீட்டது.

தீ அணையுமுன்பே, 2020 ஜனவரி 6ஆம் நாள், மத்திய அரசு 2 பில்லியன் டொலர் மீட்பு நிதியொன்றை அறிவித்தது. இதைவிட, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுள் வயது வந்த ஒருவருக்கு 1,000 டொலரும் பிள்ளையொன்றுக்கு 400 டொலரும் என்ற உதவிக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது. தொகை பெரிதன்று, எரிந்த வீட்டின் ஒரு கூரைத்தகட்டு வரிசைக்கும் அது போதாதிருக்கலாம். எனினும் அதன் அமைப்பில் ஒரு நேர்மை உண்டு. விதி முன்னரே அமைந்தது. தகுதி யாவர்க்கும் ஒன்று. ஒருவன் பெறுவதால் மற்றொருவன் இழப்பதில்லை.

தனிமனிதனுக்குக் கொடுத்தலோடு கடன் தீர்ந்துவிடுமா? ஊர் என்பது வீடுகளின் கூட்டுத்தொகையன்று. தோட்டம் எரிந்தால் பழம் பொதிசெய்யும் சாலையில் வேலையில்லை. வேலையில்லையேல் இளைஞர் நகருக்குப் பெயர்வர். பிள்ளைகள் குறைந்தால் பாடசாலையும் தளரும். திருத்திய வீட்டில் ஒருவன் தனித்திருத்தல் மீட்சியாகாது. ஊருக்கென்று தனி நிதி வேண்டும் என்ற வாதத்தின் வலிமை இதுவே.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படுவதுண்டு. காட்டோரத்தில் வாழ்வதைத் தாமே தெரிந்துகொண்டோரின் இழப்பை நகரத்தார் ஏன் ஏற்றல் வேண்டும் என்பதே அது. இதனை முற்றாகத் தள்ளிவிடுதல் இயலாது. 2009 பெப்ரவரி 7ஆம் நாள் விக்ரோறியாவில் 173 பேரைப் பலிகொண்ட தீயை ஆராய்ந்த ஆணைக்குழு, மிகு அபாயமுள்ள இடங்களில் உரிமையாளர் விரும்பின் அவர்தம் காணியை அரசே விலைக்கு வாங்கும் திட்டமொன்றைப் பரிந்துரைத்தது. ஆனால், அதுவும் பொதுப் பணத்திலேயே நடைபெற வேண்டியது. விலகுவோனையும் தனியே விட்டுவிடலாம் என்று அக்குழு கூறவில்லை. மேலும், சிட்னி நகரம் குடிக்கும் நீரின் பெரும்பகுதி வரகம்பா அணையிலிருந்து வருவது. அவ்வணையின் நீரேந்து நிலங்களும் அக்கோடையில் எரிந்தன. காட்டின் பயனை நுகர்வோர் காட்டோரத்தானின் தெரிவை அவனுக்கு மட்டுமே உரியதெனக் கூறுதல் பொருந்துமா?

ஆகவே கொடுத்தல் வேண்டும் என்பதிற் பெரும் பிணக்கில்லை. எவ்வாறு கொடுப்பது என்பதிலேதான் அறம் தடுமாறுகின்றது. நியூ சவுத் வேல்ஸில் ஊர்களின் பொருளாதார மீட்சிக்கென மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நிதியொன்றை அமைத்தன. அதன் முதற் சுற்றில் ஏறத்தாழ 108 மில்லியன் டொலர் பகிரப்பட்டது. 2023 பெப்ரவரியில் வெளிவந்த மாநிலக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, அச்சுற்றில் போதிய விரிவான வழிகாட்டு நெறிகள் இருக்கவில்லை என்றும் மதிப்பீடு வெளிப்படையாகவோ ஒரே சீராகவோ நடைபெறவில்லை என்றும், செயன்முறை நேர்மை குன்றியது என்றும் கண்டது. துணை முதலமைச்சரின் அலுவலகம் 1 மில்லியன் டொலர் என்ற கீழெல்லையைப் புகுத்தியது. அதனால், அதிகாரிகள் முன்னரே தெரிந்தெடுத்த திட்டங்கள் பல நீக்கப்பட்டன. எதிர்க்கட்சியாயிருந்த தொழிற்கட்சியின் தொகுதிகளில் தெரிவாகியிருந்தவை யாவும் அவற்றுள் அடங்கின. தன்னைச் சூழ்ந்த உலக மரபுரிமைக் காட்டின் பெரும்பகுதியை இழந்த நீலமலைப் பிரதேசம் அச்சுற்றில் எதுவும் பெறவில்லை.

சிறு திட்டங்களிற் பணத்தைச் சிதறவிடாது பெருந் திட்டங்களில் இட்டால் வேலைவாய்ப்பு பெருகும் என்று இவ்வெல்லைக்கு நியாயம் கூறலாம். அவசரத்தில் விதிகளை நுணுக்கமாக எழுத நேரமில்லை என்றுங் கூறலாம். முதலாவது நியாயம் ஆராயத்தக்கதே. ஆயின், அது திட்டங்களைத் தெரிவதற்கு முன் கூறப்பட்டிருத்தல் வேண்டும். எந்த ஊர் எப்பக்கம் விழும் என்று தெரிந்தபின் வரையப்படும் கோடு, வரைந்தவனின் உள்ளம் தூயதாயினும், விதியாகாது. அவசரம் என்பதோ உணவுக்கும் கூடாரத்துக்கும் பொருந்தும். மில்லியன் டொலர் கட்டடத்துக்குப் பொருந்தாது.

கட்சிச் சார்பு நீங்கிவிட்டால் குறை தீர்ந்தது என்று கருதுவதும் தவறு. ஊர்களைப் போட்டியிட விடும் முறையிலேயே ஒரு கோணல் உண்டு. விண்ணப்பம் எழுத எழுத்தறிந்தோர் வேண்டும். செலவு மதிப்பீடு செய்யப் பொறியியலாளர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். மிகவும் எரிந்த ஊரிலேயே இவை மிகவும் குறைவு. அங்கே எழுதவல்லவர் தம் வேலியை நட்டுக்கொண்டிருப்பார், அல்லது காப்புறுதி நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்பார். தேவையை அளப்பதாகக் கூறிக்கொண்டு திறமையை அளக்கும் இம்முறையைப் போட்டி என்பதிலும், இரத்தலின் புது வடிவம் என்பதே பொருந்தும். முன்பு கையேந்தினர், இப்போது படிவம் ஏந்துகின்றனர்.

இதனிலும் அடிப்படையான குறையொன்றுண்டு. அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2014ஆம் ஆண்டு டிசம்பரில் முடித்த ஆய்வில், அனர்த்தத்தின் பின் செலவிடப்படும் தொகையின் 3 வீதத்துக்கு நிகரானதே முற்காப்புக்கு ஒதுக்கப்படுவதைச் சுட்டியது. எரிந்த ஊருக்குக் காசோலை கொண்டு செல்பவர் படம் பத்திரிகையில் வரும். எரியாமற் போன ஊருக்கு எவரும் படம் பிடிக்கப் போவதில்லை. முன்கூட்டிச் செய்வது முறையென்றும் பின்னர்ச் செய்வது ஈகையென்றும் மக்கள் உள்ளத்திற் பதிந்திருக்கும் வரை, ஈகைக்கே ஆட்சியாளர் கை நீளும். 2023-24 நிதியாண்டு முதல் ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 200 மில்லியன் டொலர் வரை முற்காப்புக்கு ஒதுக்கும் நிதியொன்று அமைக்கப்பட்டமை நல்ல மாற்றமே. ஆனால் அதற்கும் விண்ணப்பித்தல் வேண்டும். செலவில் ஒரு பங்கை விண்ணப்பிப்போரே ஏற்றல் பொது விதி. வரி செலுத்தும் வீடுகளில் ஒரு பகுதியைத் தீயிலிழந்த சிறு நகரசபை அப்பங்கை எங்கிருந்து திரட்டும்?