இண்டர்வியூ அறையில் முகமன்

 

உத்தியோகப் பேட்டிக்கு அழைப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் உம்மாமார்கள் நஃபில் நோன்பு நோற்று துஆச் செய்கிறார்கள். பேட்டிக்குப் போகும் பிள்ளையோ, "ஹஜ்ரத், உள்ளே நுழைந்ததும் அதிகாரியிடம் என்ன சொல்வது? வணக்கம் சொல்லலாமா?" என்று நம்மிடம் வந்து கேட்கிறான். அவசியமான கேள்விதான்.

நம் தமிழில் தொழுகை, நோன்பு முதலிய இபாதத்துகளையே 'வணக்கம்' என்கிறோம். ஆகவே, ஒரு மனிதரிடம் அச்சொல்லைச் சொல்ல நா கூசுவது பேணுதலே. ஆனால், அதைக் காரணம் காட்டி ஒன்றுமே பேசாமல் மரம்போல் நிற்பது பேணுதல் ஆகாது; அது அதபுக் குறைவு.

ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்கள் நஜ்ஜாஷி மன்னரின் முன் நிறுத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அங்கே வேலையல்ல, உயிரே பணயமாக இருந்தது. அவர்களைப் பிடித்துச் செல்லக் குறைஷிகளின் தூதர்கள் காத்திருந்தார்கள். சபைக்கு வருவோர் மன்னருக்கு ஸுஜூது செய்வது அந்நாட்டு வழக்கம். ஜஃபர் (ரலி) அவர்கள் ஸலாம் சொன்னார்கள், ஸுஜூது செய்யவில்லை. காரணம் கேட்கப்பட்டபோது, 'நாங்கள் அல்லாஹ்வுக்கே ஸுஜூது செய்வோம்' என்ற கருத்தைப் பணிவாக விளக்கினார்கள். பிறகு ஸூரத்து மர்யமை ஓதினார்கள், மன்னர் அழுதார், அடைக்கலமும் கொடுத்தார்.

முகமனையும் விடவில்லை, ஈமானையும் விடவில்லை. இதுவே நமக்குப் பாடம்.

இது பழைய சரித்திரம் மட்டுமல்ல. 2016-ல் ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில், மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பேட்டிக்குச் சென்ற முஸ்லிம் பெண்மணி ஒருவர், அந்நிய ஆணுக்குக் கை கொடுக்காமல், நெஞ்சில் கை வைத்து முகமன் கூறினார். பேட்டி அத்துடன் முடிந்துவிட்டது. வழக்கு நடந்தது. 2018-ல் அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் அவருக்கு 40,000 குரோனர் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இடத்தில் இருவருக்கும் ஒரே விதமாகவே முகமன் கூறுவது அவர் வழக்கம். அதில் எவருக்கும் அவமதிப்பு இல்லை.

ஆகவே வாலிபர்களே! அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள். முகமலர்ச்சியோடு, "குட் மார்னிங் சார்" என்றோ "காலை நேர நல்வாழ்த்துகள்" என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். அதிகாரி முஸ்லிம் என்று தெரிந்தால் ஸலாம் சொல்லுங்கள். அவரே முந்திக்கொண்டு முகமன் கூறினால், அதைவிட அழகாகவோ அதே அளவிலோ பதில் கூறுவது அந்நிஸா அத்தியாயத்தின் 86-ஆம் வசனம் காட்டும் வழி. பெண் அதிகாரி கை நீட்டினால், நெஞ்சில் கை வைத்து, "மன்னிக்கவும் மேடம், எங்கள் வழக்கம் இது" என்று இனிமையாகச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள்.

மணிமுத்தாற்றின் 118 அடி அணையில் மதகைத் திறப்பவர் அதிகாரிதான். ஆனால் மழையைத் தந்தவன் அல்லாஹ். மதகைத் திறப்பவருக்கு மரியாதையும் நன்றியும் உரியன; ஸுஜூது மழை தந்தவனுக்கே உரியது. வேலையும் அப்படித்தான். ரிஜ்கு அந்த மேஜைக்கு அப்பால் இருப்பவரின் கையில் இல்லை. ஆனால் உங்கள் அதபை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் தீனையும் அதைக் கொண்டே எடைபோடுவார்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஜ்கையும் அழகிய நற்குணத்தையும் அல்லாஹு தஆலா தந்தருள்வானாக! ஆமீன்.